சொல்யூஷன் கோப்பை ஸ்கிரிப்ட் எழுதுகிறது, திறக்கிறது, ஆனால் எதுவும் பில்ட் ஆகவில்லை

#1 தறிநூல்

வணக்கம். எங்கள் ரெப்போவில் 140 சி ஷார்ப் ப்ராஜெக்டுகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்றிரண்டு புதிதாகச் சேரும், சில நீங்கும், சில ஃபோல்டர் மாறும். இவை எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒன்றாக பில்ட் செய்ய உதவும் சொல்யூஷன் (எஸ்எல்என்) கோப்பை ஆளாளுக்குத் திருத்துவதால் கிட்டில் மெர்ஜ் செய்யும்போதெல்லாம் மோதல். இனி அந்தக் கோப்பில் யாரும் கை வைக்க வேண்டாம், ஃபோல்டர்களைப் படித்து ஒரு ஸ்கிரிப்டே அதை முதல் வரியிலிருந்து எழுதட்டும் என்று முடிவு செய்தோம். பில்ட் சர்வர் லினக்ஸ், அதில் விஷுவல் ஸ்டூடியோ கிடையாது.

பைத்தானில் எழுதிவிட்டேன். தலைப்பு வரி, ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் 'ப்ராஜெக்ட்' என்று தொடங்கி 'எண்ட்ப்ராஜெக்ட்' என்று முடியும் இரண்டு வரி, கடைசியில் 'குளோபல்' பகுதி. விஷுவல் ஸ்டூடியோவில் திறந்தால் 140-உம் அழகாகத் தெரிகின்றன. பில்ட் கொடுத்தால் வெற்றி 0, தோல்வி 0, தவிர்க்கப்பட்டவை 140. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ப்ராஜெக்ட் எதுவும் மாறாமலே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால், கோப்பு முழுக்க மாறிவிட்டதாக கிட் காட்டுகிறது. மோதலைத் தவிர்க்கத்தான் இந்த வேலையையே ஆரம்பித்தோம்.

#2 பட்டறைக்காரன்

'ப்ராஜெக்ட்கான்ஃபிகரேஷன்பிளாட்ஃபார்ம்ஸ்' பகுதியில் ஒரு ப்ராஜெக்டுக்கு எத்தனை வரி எழுதுகிறீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

#3 தறிநூல்

இரண்டு வரி. டீபக்குக்கு ஒரு 'ஆக்டிவ்சிஎஃப்ஜி', ரிலீஸுக்கு ஒரு 'ஆக்டிவ்சிஎஃப்ஜி'. பழைய கோப்பில் ஒவ்வொன்றுக்கும் கீழே 'பில்ட்.0' என்று இன்னொரு வரி இருந்தது. இரண்டிலும் வலப்பக்க மதிப்பு ஒன்றாகவே இருந்ததால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

#4 பட்டறைக்காரன்

அதுதான் காரணம். மதிப்பு ஒன்றாக இருந்தாலும் இரண்டு வரிக்கும் வேலை வேறு.

'ஆக்டிவ்சிஎஃப்ஜி' சொல்வது: சொல்யூஷன் இந்த நிலையில் (டீபக் அல்லது ரிலீஸ், அதோடு பிளாட்ஃபார்ம்) இருக்கும்போது இந்த ப்ராஜெக்ட் எந்த நிலையில் இருக்க வேண்டும். 'பில்ட்.0' சொல்வது: இந்த நிலையில் இந்த ப்ராஜெக்டை பில்டில் சேர்க்கலாம். அந்த வரி இருப்பதே அனுமதி, இல்லாவிட்டால் மறுப்பு. விஷுவல் ஸ்டூடியோவில் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் எதிரே 'பில்ட்' என்று ஒரு டிக் கட்டம் இருக்கும். உங்கள் கோப்பில் 140 கட்டமும் காலியாக இருக்கும். ஒரே ஒரு ப்ராஜெக்டுக்கு டிக் போட்டு, சேமித்து, கோப்பை நோட்பேடில் பாருங்கள். 'பில்ட்.0' வரி வந்து உட்கார்ந்திருக்கும்.

பிழைச் செய்தி வராததற்கும் இதுதான் காரணம். கோப்பின் கண்ணோட்டத்தில் நீங்கள் தெரிந்தே எல்லாவற்றையும் விலக்கியிருக்கிறீர்கள். கமாண்ட் லைனில் எம்எஸ்பில்டை (பில்ட் வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் கருவி) ஓட்டினால், இந்த ப்ராஜெக்ட் இந்தக் கான்ஃபிகரேஷனில் பில்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று லாகில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லும். அது பிழையாக வராமல் சாதாரணச் செய்தியாக வருவதால் கண்ணில் படாது.

இந்தப் பகுதிதான் முழுக் கோப்பிலும் கவனம் தேவைப்படும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் சமக்குறிக்கு இரண்டு பக்கம் உண்டு. இடப்பக்கம் ப்ராஜெக்டின் ஜியுஐடி (அதை அடையாளம் காட்டும் தனித்த எண்), ஒரு புள்ளி, பிறகு சொல்யூஷனின் நிலை. வலப்பக்கம் ப்ராஜெக்டின் நிலை. சொல்யூஷன் நிலைகள் 'சொல்யூஷன்கான்ஃபிகரேஷன்பிளாட்ஃபார்ம்ஸ்' பகுதியில் நீங்கள் அறிவித்தவையாக இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் நிலைகள் அந்த ப்ராஜெக்ட் கோப்புக்குள் உண்மையில் இருப்பவையாக இருக்க வேண்டும். பெயர்கள் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். சொல்யூஷனில் எக்ஸ்64 என்று ஒரு நிலை வைத்து, அதில் ஒரு சி ஷார்ப் ப்ராஜெக்டை 'எனி சிபியு'வாக (எந்தச் செயலிக்கும் பொதுவானதாக) ஓட்டுவது அன்றாடம் நடப்பது.

அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. சொல்யூஷன் கோப்பில் 'எனி சிபியு' என்று நடுவில் இடம் விட்டு எழுத வேண்டும். சி ஷார்ப் ப்ராஜெக்ட் கோப்புக்குள் 'எனிசிபியு' என்று சேர்த்து எழுத வேண்டும். சொல்யூஷனை பில்ட் செய்யும்போது எம்எஸ்பில்ட் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளும். ப்ராஜெக்ட் கோப்பிலிருந்து பிளாட்ஃபார்ம் பெயரை எடுத்து அப்படியே சொல்யூஷனில் எழுதும் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகின்றன. கமாண்ட் லைனில் நீங்கள் கொடுக்கும் நிலை சொல்யூஷனில் அறிவிக்கப்படாததாக இருந்தால் எம்எஸ்பி4126 என்ற பிழை வரும்.

#5 மணற்கடிகை

உதவ வேண்டும் என்றுதான் கேட்கிறேன்: இதைக் கையால் எழுதியே ஆக வேண்டுமா? டாட்நெட் எஸ்டிகேயிலேயே 'டாட்நெட் எஸ்எல்என் ஆட்' கட்டளை இருக்கிறது, லினக்ஸிலும் ஓடும். ஒரே கட்டளையில் எத்தனை ப்ராஜெக்ட் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஃபோல்டர் அமைப்பைப் பார்த்து சொல்யூஷன் ஃபோல்டர்களையும் அதுவே போட்டுத்தரும். மைக்ரோசாஃப்டின் ஸ்லன்ஜென் கருவி இன்னும் ஒரு படி மேலே. ஒரு ப்ராஜெக்டைக் காட்டினால் அது சுட்டும் மற்ற ப்ராஜெக்டுகளையெல்லாம் தேடிப் பிடித்து சொல்யூஷனை உருவாக்கும், கோப்பை கிட்டில் வைக்கவே தேவையில்லை. சி++ உலகில் சிமேக், ப்ரீமேக், யுபிசாஃப்டின் ஷார்ப்மேக் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. யாரோ ஏற்கெனவே பட்டு அனுபவித்த வலியை நாமும் ஏன் படவேண்டும்?

#6 தறிநூல்

பட்டறைக்காரன் அவர்களே, 'பில்ட்.0' சேர்த்தேன், 140-உம் பில்ட் ஆகிவிட்டன. மிக்க நன்றி. இரண்டு நாள் தேடியது ஒரு வரியில் இருந்திருக்கிறது.

மணற்கடிகை, 'டாட்நெட் எஸ்எல்என்' தான் முதலில் முயன்றேன். எங்களிடம் இருந்த எஸ்டிகே, டீபக், ரிலீஸ் இரண்டுக்கும் எனி சிபியு, எக்ஸ்64, எக்ஸ்86 என்று ஆறு நிலைகளையும் தானாகவே போட்டது. 140 ப்ராஜெக்ட், ஆறு நிலை, நிலைக்கு இரண்டு வரி: இந்த ஒரு பகுதியே 1680 வரி. எங்களுக்கு எனி சிபியு மட்டும் போதும், 560 வரியில் முடிந்துவிடும். அதோடு, புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு முறையும் ஜியுஐடி வேறு வேறாக வந்தது. என் ஸ்கிரிப்டிலும் இப்போது அதே பிரச்சினைதான், 'யுயுஐடி4' பயன்படுத்துகிறேன்.

ஸ்லன்ஜென் பற்றித் தெரியாது, பார்க்கிறேன். ஆனால் எங்கள் சொல்யூஷனில் எந்த ப்ராஜெக்ட் எந்தத் தலைப்பின் கீழ் வரவேண்டும் என்பதற்கு எங்கள் குழுவுக்கென்று ஒரு விதி இருக்கிறது. அதற்காகவே சொந்தமாக எழுத நினைத்தேன்.

#7 நூலேணி

அந்த ஜியுஐடி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், நான் அனுபவப்பட்ட பகுதி இது.

'யுயுஐடி4' என்பது முழுக்கத் தற்செயல் எண். உங்களுக்கு வேண்டியது ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண். 'யுயுஐடி5' அதற்காகவே இருக்கிறது. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4122-இலேயே அது உண்டு. ஒரு நேம்ஸ்பேஸ் ஜியுஐடியையும் ஒரு பெயரையும் சேர்த்து ஷா-1 ஹேஷ் எடுத்து எண்ணை உருவாக்கும். பைத்தானில் நேரடியாகவே கிடைக்கும், ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். நேம்ஸ்பேஸுக்கு உங்கள் ரெப்போவுக்கென்று ஒரு ஜியுஐடியை ஒரே ஒரு முறை உருவாக்கி ஸ்கிரிப்டுக்குள் நிலையாக எழுதிவிடுங்கள்.

ஆனால் ஜியுஐடியை நிலைப்படுத்தினால் மட்டும் போதாது. வரிசையும் நிலையாக இருக்க வேண்டும். ஃபோல்டரைப் படிக்கும்போது கோப்புகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு பைத்தான் எந்த உறுதியும் தருவதில்லை. உங்கள் கணினியில் ஒரு வரிசை, சர்வரில் வேறு வரிசை வரும். அதனால் படித்தவுடன் வரிசைப்படுத்துங்கள். சி ஷார்ப்பில் எழுதுபவர்கள் 'ஆர்டினல்' ஒப்பீட்டை (எழுத்துகளின் குறியீட்டு எண்ணை மட்டும் பார்ப்பது) கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் சரங்களின் இயல்பான வரிசை கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும்.

அப்புறம் வரி முடிவு. விஷுவல் ஸ்டூடியோ ஒவ்வொரு வரி முடிவிலும் சிஆர்எல்எஃப் என்ற இரண்டு எழுத்துகளை வைத்து எழுதும். லினக்ஸில் பைத்தான் எல்எஃப் மட்டும் வைக்கும். யாராவது விஷுவல் ஸ்டூடியோவில் திறந்து சேமித்தால் மறுபடி முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டும். கோப்பைத் திறக்கும் இடத்திலேயே 'நியூலைன்' மதிப்பைக் கொடுத்து சிஆர்எல்எஃப் என்று உறுதி செய்யுங்கள், கிட் அட்ரிபியூட்ஸ் கோப்பிலும் சொல்லிவைத்துவிடுங்கள். உள்தள்ளலுக்கு டேப். தொடக்கத்தில் பாம் (என்கோடிங்கைக் காட்டும் குறி) வேண்டுமென்றால் பைத்தானில் 'யுடிஎஃப்-8-சிக்' என்ற என்கோடிங் அதைப் போட்டுத்தரும்.

இன்னொன்று: புதிதாக உருவாக்கிய உரையும் ஏற்கெனவே இருக்கும் கோப்பும் ஒன்றாக இருந்தால் எழுதவே எழுதாதீர்கள். நேர முத்திரை மாறினாலே, சொல்யூஷனைத் திறந்து வைத்திருப்பவருக்கு மறுபடி ஏற்றச் சொல்லிக் கேள்வி வந்து நிற்கும். வேலையில் மூழ்கியிருக்கும் ஒருவரை அப்படிக் கலைப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

#8 தறிநூல்

அருமை. யுயுஐடி5-க்கு உள்ளீடாக எதைக் கொடுப்பது? ப்ராஜெக்ட் பெயரா, பாதையா? பெயரைக் கொடுத்தால் ஃபோல்டர் மாறினாலும் எண் மாறாதே.

#9 பட்டறைக்காரன்

பாதை. ப்ரீமேக் பெயரை வைத்துத்தான் எண்ணை உருவாக்குகிறது, அங்கே அது சரி, ஏனென்றால் பெயர் தனித்திருக்க வேண்டும் என்று எழுதுபவருக்கே தெரியும். நீங்களோ ஃபோல்டர்களைத் துழாவி எடுக்கிறீர்கள். 140 ப்ராஜெக்டில் 'டெஸ்ட்ஸ்' என்ற பெயர் இரண்டு இடத்தில் இல்லாமல் இருக்காது. இரண்டுக்கும் ஒரே ஜியுஐடி வந்தால், மேலே சொன்ன கான்ஃபிகரேஷன் வரிகள் எந்த 'டெஸ்ட்ஸ்' பற்றிப் பேசுகின்றன என்று பிரிக்கவே முடியாது.

பாதையைக் கொடுக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: ரெப்போ வேரிலிருந்து தொடங்கும் சார்புப் பாதை, முன்சாய்வுக் கோடு, சிறிய எழுத்து. இல்லாவிட்டால் விண்டோஸில் ஓட்டியவருக்கு ஒரு எண், லினக்ஸில் ஓட்டியவருக்கு ஒரு எண். கோப்புக்குள் பாதையை எழுதும்போது மட்டும் பின்சாய்வுக் கோடாக மாற்றி எழுதுங்கள். லினக்ஸில் எம்எஸ்பில்ட் அதைத் தானே திருத்திக்கொள்ளும்.

பழைய பாணி ப்ராஜெக்ட் கோப்புகள் ஏதேனும் மிச்சம் இருந்தால் அவற்றுக்குள்ளேயே 'ப்ராஜெக்ட்ஜியுஐடி' என்று ஒரு எண் இருக்கும். அங்கே புதிதாக உருவாக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

#10 நூலேணி

பாதைதான் சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பெயர் மோதல் ஜியுஐடியோடு முடியாது. ஒரே சொல்யூஷன் ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ப்ராஜெக்ட் இருந்தால் எம்எஸ்பி5004 வரும். வேறு வேறு சொல்யூஷன் ஃபோல்டரில் இருந்தால் வராது, ஏனென்றால் ஃபோல்டர் பெயரும் சேர்ந்துதான் முழுப்பெயர். எனவே 'நெஸ்டட்ப்ராஜெக்ட்ஸ்' பகுதியைச் சரியாக எழுதிவிட்டால் தப்பிக்கலாம்.

சொல்யூஷன் ஃபோல்டரும் கோப்பில் ஒரு ப்ராஜெக்ட் மாதிரியே வரும். வகை ஜியுஐடி மட்டும் வேறு, 2150 என்று தொடங்கும். பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் பாதை இருக்க வேண்டிய இடத்திலும் ஃபோல்டர் பெயரையே எழுத வேண்டும். அதற்கும் சொந்தமாக ஒரு ஜியுஐடி வேண்டும். 'நெஸ்டட்ப்ராஜெக்ட்ஸ்' பகுதியில் இடப்பக்கம் பிள்ளை, வலப்பக்கம் தாய். டிஸ்கில் இருக்கும் ஃபோல்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை, ஆகவே உங்கள் குழுவின் விதிப்படி எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். தாய் ஃபோல்டரை மேலே அறிவிக்காமல் இங்கே மட்டும் குறிப்பிட்டால் எம்எஸ்பி5009.

#11 கருங்காலி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சி++ ப்ராஜெக்டுகளையும் சேர்த்து இதே போல ஒன்று எழுதுகிறேன். சொல்யூஷனில் எக்ஸ்86 என்று தேர்ந்தெடுத்தால் சி++ ப்ராஜெக்ட் மட்டும் தவிர்க்கப்படுகிறது. 'பில்ட்.0' இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

#12 பட்டறைக்காரன்

வலப்பக்கம் என்ன எழுதியிருக்கிறீர்கள்? எக்ஸ்86 என்றால் அதுதான் பிழை. சி++ ப்ராஜெக்ட் கோப்புக்குள் 32 பிட் பிளாட்ஃபார்முக்குப் பெயர் 'வின்32'. இடப்பக்கம் எக்ஸ்86, வலப்பக்கம் வின்32. #4-இல் இரண்டு பக்கம் என்று நீட்டிச் சொன்னது இதற்காகவே.

#13 கருங்காலி

வேலை செய்கிறது. நன்றி.

#14 தறிநூல்

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, இன்று சர்வரில் எம்எஸ்பி5010 என்று நிற்கிறது. கோப்பில் வடிவத் தலைப்பே இல்லை என்கிறது. ஆனால் தலைப்பு வரி இருக்கிறது, ஒரு எழுத்து மாறவில்லை. நேற்று நான் செய்த ஒரே மாற்றம், 'இந்தக் கோப்பு ஸ்கிரிப்டால் உருவாக்கப்பட்டது, கையால் திருத்த வேண்டாம்' என்று மேலே ஒரு குறிப்பு வரி சேர்த்ததுதான். '#' போட்டுத்தான் எழுதினேன்.

#15 நூலேணி

உங்கள் கோப்பின் முதல் வரி காலியா?

#16 தறிநூல்

ஆமாம். விஷுவல் ஸ்டூடியோ எழுதிய கோப்பில் முதல் வரி காலியாக இருந்தது, அதையே பின்பற்றினேன்.

#17 நூலேணி

அப்படியென்றால் தலைப்பு மூன்றாம் வரிக்குப் போய்விட்டது. எம்எஸ்பில்ட் முதல் இரண்டு வரியில் மட்டும்தான் அந்தத் தலைப்பைத் தேடும். காலி வரியோடு தலைப்பு இரண்டாவதாக இருந்தவரை சரியாக ஓடியது. நீங்கள் ஒரு வரி சேர்த்ததும் எல்லையைத் தாண்டிவிட்டது.

குறிப்பை மேலே வைக்க வேண்டாம். ரெப்போவில் ஒரு சின்ன உரைக் கோப்பில் அதை எழுதி, ஒரு சொல்யூஷன் ஃபோல்டருக்குள் 'சொல்யூஷன்ஐட்டம்ஸ்' பகுதியில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். திறப்பவர் கண்ணில் படும்.

தலைப்பில் இருக்கும் 12.00 என்ற எண்ணையும் மாற்றாதீர்கள். விஷுவல் ஸ்டூடியோ 2010-இல் அது 11.00, 2012-இல் 12.00 ஆனது, 2022 வரைக்கும் அதே 12.00 தான். பதிப்புக்கு ஏற்ப மாறுவது அடுத்து வரும் '#' வரி. கோப்பை டபுள் கிளிக் செய்தால் எந்தப் பதிப்பில் திறப்பது என்று அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

#18 மணற்கடிகை

இழை முழுவதும் படித்தேன். கையால் எழுதினால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவே பட்டியல். என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்: விதி உங்களுடையதாக இருக்கட்டும், எழுதும் வேலையை மட்டும் நூலகத்திடம் கொடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 'சொல்யூஷன்பெர்சிஸ்டன்ஸ்' என்ற நூலகத்தைத் திறந்த மூலமாகவே வெளியிட்டிருக்கிறது, டாட்நெட் நூலகங்களின் களஞ்சியமான நியூகெட்டில் கிடைக்கும். சொல்யூஷனை ஒரு மாடலாக நினைவகத்தில் கட்டி, பழைய 12.00 வடிவத்திலோ புதிய எஸ்எல்என்எக்ஸ் வடிவத்திலோ எழுதலாம். விஷுவல் ஸ்டூடியோ தேவையில்லை.

எஸ்எல்என்எக்ஸ் பக்கம் போக முடிந்தால் இங்கே பேசிய பாதிப் பிரச்சினைகள் எழவே மாட்டா. அது சாதாரண எக்ஸ்எம்எல். ஒரு ப்ராஜெக்டுக்குப் பாதையோடு ஒரே ஒரு வரி. ஜியுஐடி எழுத வேண்டியதில்லை, டீபக், ரிலீஸ் போன்ற வழக்கமான நிலைகளையும் எழுத வேண்டியதில்லை. எஸ்டிகே 9.0.200-இலிருந்து 'டாட்நெட் எஸ்எல்என் மைக்ரேட்' கட்டளை பழையதைப் புதியதாக மாற்றித்தரும். டாட்நெட் 10-இல் புதிய சொல்யூஷன் கேட்டால் இயல்பாக எஸ்எல்என்எக்ஸ் தான் வருகிறது. ஒரே ஃபோல்டரில் இரண்டையும் வைக்காதீர்கள், பெயர் சொல்லாமல் பில்ட் கொடுத்தால் எதை எடுப்பது என்று கேட்டு எம்எஸ்பி1011 வரும்.

#19 தறிநூல்

எஸ்எல்என்எக்ஸ் ஆசையாகத்தான் இருக்கிறது. எங்களில் இருவர் ஒரு பழைய பிளகினுக்காக விஷுவல் ஸ்டூடியோ 2019-இல் இருக்கிறார்கள், அதில் திறக்காது. அவர்கள் மாறும்வரை பழைய வடிவம்தான். ஆனால் ஸ்கிரிப்டில் ப்ராஜெக்டுகளைக் கண்டுபிடிக்கும் பகுதியையும் எழுதும் பகுதியையும் பிரித்துவிட்டேன். மாறும் நாளில் எழுதும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

கடைசியாக ஒரு கேள்வி. இனி இப்படிச் சத்தமில்லாமல் 140 ப்ராஜெக்டும் தவிர்க்கப்படக் கூடாது. இதை எப்படிச் சோதிப்பது?

#20 பட்டறைக்காரன்

எம்எஸ்பில்ட் நூலகத்தில் 'சொல்யூஷன்ஃபைல்' என்று ஒரு வகுப்பு இருக்கிறது. அதால் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும், சோதனைக்கு அதுவே பொருத்தம். 'பார்ஸ்' கொடுத்தால் தலைப்பு, நெஸ்டிங், பெயர் மோதல் எல்லாவற்றையும் அதுவே பார்த்துப் பிழை எறியும். அது தரும் பட்டியலில் இருப்பவையும் டிஸ்கில் இருக்கும் ப்ராஜெக்டுகளும் ஒன்றா என்று பாருங்கள். சொல்யூஷன் ஃபோல்டர்களும் அந்தப் பட்டியலில் வரும், அவற்றைக் கழித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ப்ராஜெக்டின் ஒவ்வொரு நிலையிலும் 'இன்க்ளூட்இன்பில்ட்' உண்மையா என்று பாருங்கள். உங்களை இரண்டு நாள் நிறுத்தி வைத்த பிழை இந்தக் கடைசிச் சோதனையில் ஒரு நொடியில் பிடிபடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமென்றால், 'எம்எஸ்பில்ட்எமிட்சொல்யூஷன்' என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்து ஓட்டுங்கள். சொல்யூஷனை எம்எஸ்பில்ட் தனக்குள் ஒரு ப்ராஜெக்டாக மாற்றித்தான் பில்ட் செய்கிறது. அந்த இடைக்கோப்பை 'மெட்டாப்ராஜ்' என்ற நீட்டிப்போடு டிஸ்கில் எழுதிவிடும். உங்கள் வரிகளை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பது அதில் முழுக்கத் தெரியும்.

#21 தறிநூல்

இன்று காலை ஒரு புதிய ப்ராஜெக்ட் சேர்ந்தது, 141-ஆவது. ஸ்கிரிப்டை நான் விண்டோஸில் ஒரு முறை ஓட்டினேன், சர்வர் லினக்ஸில் ஒரு முறை ஓட்டியது. இரண்டு கோப்பும் பைட்டுக்குப் பைட் ஒன்று. கிட் காட்டிய மாற்றம் 7 வரி: ப்ராஜெக்ட் அறிவிப்பு இரண்டு, கான்ஃபிகரேஷன் நான்கு, நெஸ்டிங் ஒன்று. அதே நேரத்தில் இன்னொருவர் வேறொரு ப்ராஜெக்டை நீக்கியிருந்தார். மெர்ஜ் மோதலே இல்லாமல் முடிந்தது.